மூன்றாம் நிறுத்தத்தின் இடதுபக்கம்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பத்தே காலுக்கு எனக்கு முடிசூட்டு விழா நடந்தது. யானை வரவில்லை, விமான நிலையத்துக்குள் நுழைய அதற்கு அனுமதி அட்டை கிடையாது. மற்றபடி எல்லாம் முறையாகவே நடந்தது. மேலாளர் ஷெரின் மேடம் ஒரு பச்சைப் பெட்டி, அதற்கொரு சாவி, எழுதி நிரப்ப ஒரு கட்டு பாரம், இந்த டைரி ஆகியவற்றை என் கையில் கொடுத்தார். பதவியின் பெயர் ‘ஆபத்து அறிவிப்பு ஒருங்கிணைப்பாளர்’. இதை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விமானம் இறங்கி, ஆட்களை மாற்றிக்கொண்டு, திரும்பவும் ஏறிவிடும்.

“அண்ணாச்சி, விபத்து நடந்த பெறகு யாரு தப்புன்னு தேடுறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை. நடக்கிறதுக்கு முன்னாடி தேடணும். எச்சரிக்கைக் கோன் சாஞ்சு கெடந்தா, தண்ணி தேங்கினா, யாராவது வழுக்கப் பார்த்தா, எல்லாம் எழுதி இந்தப் பெட்டில போடணும். பேரு எழுத வேண்டாம். யாருக்கும் தண்டனை கிடையாது. சின்னது பத்து சேர்ந்துதான் பெரிசு ஒண்ணு வருது.”

“அந்தப் பெரிசு வந்துட்டா மேடம்?”

“வராது. அதுக்குத்தான் நீங்க.”

ஆக, இன்று முதல் இந்த நிலையத்தில் நடக்காத எல்லா விபத்துகளுக்கும் ஆவுடையப்பனாகிய நானே பொறுப்பு.

பெல்ட் வண்டி ஓட்டும் பழைய வேலையும் தொடரும். பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றுகிற நகரும் பட்டை வைத்த வண்டி அது. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நான் அதை விமானத்தோடு ஒட்டி நிறுத்தும் அழகைப் பார்த்து ஒரு விமானி கண் கலங்கியதுண்டு. அவருக்கு அன்று ஜலதோஷம் என்று கிளிட்டஸ் சொல்கிறான். பொறாமை.

கிளிட்டஸ் என் கூட்டாளி. வண்டி விமானத்தை நெருங்கும்போது தரையில் நின்று கைகாட்டுகிறவன். நாற்பது தாண்டியும் மாதா கோயில் பேண்டில் டிரம் அடிப்பவன். உடம்பில் ரத்தத்துக்குப் பதில் தாளம் ஓடுகிறது. நான் நெருங்கும்போதெல்லாம் வண்டியின் இடதுபக்கத் தகட்டில் டம் டம் என்று இரண்டு தட்டு தட்டாமல் அவனால் இருக்க முடியாது. கலைஞர்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்ச் 5, புதன்

பெட்டியைத் திறந்தேன். ஒரு மிட்டாய்த் தாள். ஒரு பாரம். அதில்: “டீல சக்கர பத்தல.”

ஆபத்து எண் 1 என்று பதிவேட்டில் ஏற்றினேன்.

மார்ச் 8, சனி

விடுமுறை. எங்கள் வீட்டு கேட்டின் இடதுபக்கத் தூண் இன்று என் ஸ்கூட்டர்மேல் பாய்ந்து கண்ணாடியை உடைத்துவிட்டது. இந்த வருடத்தில் மூன்றாவது தாக்குதல்.

என் மனைவி பிரமு வாசலில் நின்று பார்த்தாள். “தூணு இருவது வருசமா அங்கனதான் நிக்கி. நீங்கதான் அதுகிட்ட போறிய.”

“அது கொஞ்சம் நகந்திருக்கு.”

“ஆமா, அதுக்கு உங்க மேல ஆச. நாளைக்கு கண்ணாஸ்பத்திரிக்குப் போவமா?”

என் கண்ணைச் சந்தேகிக்கிறாள். இரண்டு மைலுக்கு அப்பால் போகிற கொசுவுக்கு மீசை இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற கண். ஜனவரியில் கம்பெனி மருத்துவர் சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரிவரை படிக்கச் சொன்னார். அச்சடித்தவன் பெயரையும் சேர்த்துப் படித்தேன்.

முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன். அத்துடன் பேச்சு முடிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஷிப்ட் மாறும்போது சொற்பொழிவாற்றினேன். டீ மெஷினுக்கு முன்னால், பெட்டிவண்டிமேல் ஏறி நின்று. லட்சக்கணக்கில் கூடியிருந்தார்கள், எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்.

“தோழர்களே, பயப்படாதீர்கள். எழுதிப் போடுங்கள். ஒரு தலைமுடிக்கும் சேதம் வராது.”

கிளிட்டஸ் கை தூக்கினான். “மாமா, ஒரு சந்தேகம். கூட வேல செய்யிற ஆளப் பத்தி எழுதலாமா?”

“தாராளமா.”

“எழுதினா அந்த ஆளு பொழப்புல மண்ணு விழாதா?”

“பாரத்துல பேரே கெடையாதுல்லாவே.”

“பேரு இல்லன்னா என்ன மாமா, இங்க பெல்ட் வண்டி ஓட்டுறது மொத்தமே மூணு பேருதான?”

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் பெல்ட் வண்டியை உதாரணம் காட்டினான் என்று தெரியவில்லை. எங்கள் தளத்தில் இது ஒரு பழக்கம். ஒருத்தன் கை தவறினால் அடுத்தவன் காலால் தள்ளி மறைத்துவிடுவான், மேலே போகாது. இந்த நோயை ஒழிக்கவே நான் அவதரித்திருக்கிறேன் என்று சொல்லி இறங்கினேன். இறங்கும்போது பெட்டிவண்டியின் இடது ஓரம் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிட்டது. கிளிட்டஸ் பிடித்துக்கொண்டான்.

மார்ச் 14, வெள்ளி

சொற்பொழிவு பலித்தது. ஒரே நாளில் ஒன்பது பாரம்! ஓடுபாதைப் பக்கம் மயில். படிக்கட்டு வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை. விமானம் வந்து நிற்கிற மூன்றாம் நிறுத்தத்தில் கோன் நசுங்கிக் கிடந்தது. கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை (இது எல்லா வகையிலும் ஆபத்துதான்). மறுபடியும் மூன்றாம் நிறுத்தத்தில் கோன்.

அலுவலகச் சுவரில் நிலையத்தின் வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு சிவப்பு ஊசி குத்தினேன். போர்க்களத்தில் தளபதி நிற்பதுபோல் கை கட்டி நின்று பார்த்தேன். ஷெரின் மேடம் போகிறபோக்கில் “நல்லா இருக்கு அண்ணாச்சி” என்றார். அடுத்த அறைவரை கேட்கும்படி இருமிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெட்டியில் ஒரு பாரம். பெரிய பெரிய எழுத்தில், அடையாளம் தெரியாதபடி எழுதியிருந்தது.

“பெல்ட் வண்டி ஓட்டுறவருக்கு இடது பக்கம் ஆள் நிக்கது தெரிய மாட்டேங்கு. மூணாம் நிறுத்தத்துல நான் ரெண்டு தடவ குதிச்சு தப்பிச்சேன். தட்டினாத்தான் நிக்காரு. ஒரு நா தட்ட முடியாமப் போயிரும்.”

யோசித்தேன். மூன்று ஓட்டுநர்கள். நான், தனுஷ்கோடி, மாலை ஷிப்ட் ராசையா. இது தனுஷ்கோடியாகத்தான் இருக்க வேண்டும். அவன் போனில் பேசிக்கொண்டே நடக்கிறவன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் மேசை பல நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஏதாவது மடித்து வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் பாரத்தை எட்டாக மடித்து வைத்தேன், சரியாக இருந்தது. மேசை இப்போது பொதிகை மலைபோல் நிற்கிறது.

மார்ச் 22, சனி

ஊசிகள் இருபத்தாறு ஆகிவிட்டன. அதில் ஏழு மூன்றாம் நிறுத்தத்தில் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டிருக்கின்றன. நசுங்கிய கோன் நான்கு. உரசிய கம்பி ஒன்று. வண்டியின் முன்பக்க ரப்பரில் சிராய்ப்பு இரண்டு. ஏழும் இடதுபக்கம்.

அரைமணி நேர ஆராய்ச்சிக்குப் பிறகு உண்மையைக் கண்டுபிடித்தேன்: மூன்றாம் நிறுத்தத்தின் தரை இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. பூமி சுழல்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். மேடத்திடம் போய் விளக்கினேன். கொத்தனாரையும் ரசமட்டத்தையும் உடனே வரவழைக்க வேண்டும் என்றேன்.

அவர் வரைபடத்தின் முன் வந்து ஏழு ஊசியையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“தரைய போன மாசம்தான் அளந்தாங்க அண்ணாச்சி. சரியாத்தான் இருக்கு. இந்த ஏழும் எந்த ஷிப்ட்டுன்னு பார்த்தீங்களா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கே. மத்த பத்தொம்பதுக்கும் நிரப்பியிருக்கீங்க.”

பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பேனா வாங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மூஞ்சியத் திருப்பாம டிவியவே பாத்துக்கிட்டுச் சொல்லுங்க. என் கையில என்ன இருக்கு?”

“கையையே காணும். முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சா எப்படித் தெரியும்?”

திரும்பிப் பார்த்தேன். என் இடது கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளி தோசைக் கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் இவளுக்குக் கண்ணாமூச்சி கேட்கிறது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியை ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளாகக் கடைக்குப் போனால் அவள் எப்போதும் என் இடதுபக்கமாகவே நடக்கிறாள் என்பது இதை எழுதும்போது ஞாபகம் வருகிறது. வெயில் அந்தப் பக்கம் குறைவாக இருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

கிளிட்டஸ் புதன்கிழமை முதல் ஒரு வாரம் லீவு. மச்சினன் கல்யாணம். அவனுக்குப் பதிலாகக் கைகாட்ட பார்சல் பிரிவிலிருந்து மீரான் பாய் வருகிறார். ஐம்பது வயது, மூன்று பெண்ணுக்குத் தகப்பன். யாரையும் சத்தமாகக் கூப்பிடக்கூட மாட்டார்.

மத்தியானம் டீ எடுக்கப் போனேன். டீ மெஷினுக்கு அந்தப் பக்கம் கிளிட்டஸ் மீரான் பாய்க்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

“மத்த ரெண்டு பேரு வண்டின்னா புத்தகத்துல உள்ளபடி நில்லுங்க பாய். மாமா வண்டி வந்தா மட்டும் எடது பக்கமா வந்துருங்க. ரெண்டு தட்டு, ஓங்கித் தட்டணும். தட்டலன்னா அவருக்கு நீங்க அங்கன நிக்கதே தெரியாது.”

“அவருகிட்டச் சொன்னா என்ன?”

“சொன்னா வண்டிய வாங்கிருவாங்கல்லா. அதுக்குப் பொறவு அவரு மூஞ்சியப் பாக்க முடியுமா? சிரிச்சுக்கிட்டே தட்டுங்க. தாளம் போடுதேன்னு நெனச்சுக்கிடுவாரு.”

டீ ஆறிவிட்டது. சர்க்கரையும் குறைவுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று முட்டாள்கள் தினம். என்னை வைத்து அதைப் பல மாதமாகக் கொண்டாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

காலையில் கிளிட்டஸைக் கிடங்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

“எத்தன நாளாவே தட்டுத?”

அவன் பூட்ஸைப் பார்த்தான். “தீபாவளிக்கு மறுநாளு மாமா. அன்னைக்குத்தான் மொதல்ல குதிச்சேன்.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“மேடத்துக்குத் தெரியாது.”

“பின்ன ஏம்ல எழுதிப் போடல? அதுக்குத்தான பொட்டி?”

“போட்டனே மாமா.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “மூணு நா ஒறக்கமில்லாம யோசிச்சு, எழுத்த மாத்தி மாத்தி எழுதிப் போட்டேன். அந்தப் பேப்பரு என்னாச்சு?”

அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

“சரி விடுங்க மாமா. பாய்க்குச் சொல்லிக்குடுத்துட்டேன். ஒரு வாரந்தான. நான் வந்துட்டா பழையபடி ஓடிரும்.”

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஏழு நாள். பாய் தட்டுவார். கிளிட்டஸ் வந்த பிறகு சாவகாசமாகக் கண்ணாஸ்பத்திரி போகலாம். வண்டி இல்லாமல் நான் யார்? பச்சைப் பெட்டிக்குக் காவல்காரன். ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று, விமானம் இல்லாத நேரத்தில் மூன்றாம் நிறுத்தத்தில் ஒத்திகை வைத்தேன். விமானக் கதவு இருக்கும் இடத்தில் இரண்டு கோன். கிளிட்டஸ் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தான்.

நான் ஓட்டினேன். மீரான் பாய் தட்டினார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் மரியாதையாகத் தட்டியிருக்கிறார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, கோன் இரண்டும் தெளிவாகத் தெரிய, நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளிட்டஸ் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் பார்த்தேன். பாய்க்குப் பின்னால் படிக்கட்டு வண்டி நின்றது, அவர் பின்வாங்க இடம் இல்லை. அவர் பூட்ஸுக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவில் கையை வைத்து அளந்தேன். ஒரு சாண். கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல” என்று பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டுப் படிக்கட்டு வண்டியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

ஏழு மணிக்கே போய்விட்டேன். மேசைக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்துப் பிரித்தேன். மேசை மறுபடியும் ஆடுகிறது. ஆடட்டும்.

மேடத்தின் பேனாவைக் கடன் வாங்கி ஏழு ஊசிக்கும் ஷிப்ட் கட்டத்தை நிரப்பினேன். ஏழும் என் ஷிப்ட். பிறகு தீபாவளியிலிருந்து எல்லோரும் தெரிந்தே நடந்த தட்டையும் சேர்த்து, நேற்றைய சாணுக்கு ஒரு புதுப் பாரம் எழுதினேன். பெயர் எழுத வேண்டாம் என்பதுதான் விதி. நான் எழுதினேன்: சு. ஆவுடையப்பன், பெல்ட் வண்டி ஓட்டுநர். பட்டம் எதுவும் சேர்க்கவில்லை, கட்டம் சின்னதாக இருந்தது.

எல்லாவற்றையும் மேடத்தின் முன்னால் வைத்தேன். மேலே வண்டிச் சாவி.

அவர் எல்லாவற்றையும் படித்தார். எட்டாக மடிந்த தாளை விரலால் நீவிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“இது எப்ப வந்தது?”

“பதினெட்டாந்தேதி.”

“ரெண்டு வாரம்.”

“ஆமா மேடம். நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்டனை கிடையாது என்று சொன்ன வாயால் திட்ட முடியாமல் அவர் தண்ணீர் குடித்தார். “கண்ணு டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் தளத்துக்குள்ள நீங்க எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. ஓட்டுற அனுமதி அட்டையக் கொடுங்க.” கொடுத்தேன். “ஒம்பது நாப்பது விமானத்துக்குத் தனுஷ்கோடி வரட்டும்.”

எழுந்தேன். “உக்காருங்க அண்ணாச்சி, வேலை முடியல. உங்க கண்ணு ஒரு ஆபத்துதான். அஞ்சு மாசமா அத்தனை பேரும் தெரிஞ்சே ரெண்டு தட்டு தட்டியே சமாளிச்சிருக்காங்களே, அது அதவிடப் பெரிசு இல்லையா? அப்புறம், ஜனவரில உங்கள எப்படிப் பாஸ் பண்ணினாங்க?”

“நேரா உள்ள அட்டையப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன்.”

“பக்கவாட்டில?”

“கேக்கல.”

இரண்டு பாரத்தை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து எழுதினேன். ஆபத்து எண் 34: உடன் வேலை செய்பவரைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைப்பது. ஆபத்து எண் 35: ஓட்டுநர்களுக்கு நேர்ப்பார்வை மட்டும் சோதிக்கப்படுகிறது.

35-ஐத் தலைமை அலுவலகத்துக்கு இன்றே அனுப்பினார். தனுஷ்கோடியை மனதுக்குள் பழித்ததற்கு அவனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கண்ணாஸ்பத்திரி. கவிழ்த்துப்போட்ட அண்டா மாதிரி ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எங்கே மினுக்கென்று வெளிச்சம் வந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் புலிபோல் காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன்.

“வெளிச்சம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு ஐயா” என்றாள் அந்தப் பெண்.

கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி ஓரப்பார்வை தேய்ந்திருக்கிறதாம். இடதுபக்கம் அதிகம். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்குமாம், அதனால்தான் ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஒருநாளும் விடாமல் போட்டால். தளத்தில் வண்டி ஓட்டுவது முடிந்தது என்று டாக்டர் ஒரே வரியில் எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரமு என் இடதுபக்கம் உட்கார்ந்தாள்.

“தூணு மேல இனிமே பழி போட மாட்டியள்லா?” என்றாள்.

“தூணும் ஒரு பாரம் எழுதிப் போட்டிருக்கலாம்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

கிளிட்டஸ் கல்யாண லட்டோடு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். வாங்கிக்கொண்டு அவன் முதுகில் டம் டம் என்று இரண்டு தட்டு தட்டினேன். பாவி, அங்கேயே அழுதுவிட்டான். மற்ற பத்துப் பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

இனி கைகாட்டுகிறவர் தட்டக் கூடாது. ஓட்டுநருக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும், ஆள் தெரியவில்லை என்றால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்று மேடம் எழுதி ஒட்டியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் எல்லா ஓட்டுநர்களும் அந்த அண்டாவுக்குள் முகத்தை வைத்தாக வேண்டும். ராசையா இப்போதே என்னைச் சபிக்கிறான்.

ஒன்பது நாற்பது விமானம் மூன்றாம் நிறுத்தத்துக்கு வந்தது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் பதிவேட்டோடு நின்றேன். தனுஷ்கோடி வண்டியைக் கொண்டுபோனான். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மீரான் பாயைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மெதுவாகச் சேர்த்தான். என் அளவுக்கு அழகில்லை. பெட்டிகள் ஏறின. இடதுபக்கக் கோன் வைத்த இடத்தில் நின்றது. விமானம் போனது.

பதிவேட்டில் எழுதினேன்: ஒன்றும் நடக்கவில்லை.

மீரான் பாய் தன் இரண்டு காலாலும் நடந்து டீ மெஷினுக்கு வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் சக்கர பத்தல.”

பாரத்தையும் பேனாவையும் நீட்டினேன். “எழுதிப் போடுங்க பாய்.”